மியூஸ்கோரில் ரோமன் எண் கார்டு அனலிசிஸ் போடுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

ஹார்மனி படிக்க ஆரம்பித்த எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த வேலை வந்து சேரும். ஒரு ஸ்கோரைக் கொடுத்து, "ஒவ்வொரு கார்டுக்கும் கீழே ரோமன் எண் போட்டு, டைப் செய்து, பிடிஎஃப் ஆக அனுப்பு" என்பார்கள். கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்; அது கீயின் எந்தப் படியில் எழுகிறது என்பதைச் சொல்வதுதான் ரோமன் எண். காகிதத்தில் பென்சிலால் போடுவது சுலபம். கம்ப்யூட்டரில்தான் 6-க்குக் கீழே 5 நிற்காது, அரை டிமினிஷ்ட் குறி கிடைக்காது, எண்கள் ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஆடும். நானும் இதில் மாட்டி முழித்தவன். விவரங்கள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. அதனால் ஆரம்பம் முதல் பிடிஎஃப் வரை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு ஏற்பாடு: ரோமன் எண்ணுக்குத் தேவையான ஆங்கில எழுத்துகளை இங்கே ஐ, வி என்று தமிழிலேயே எழுதுகிறேன். "பெரிய வி" என்றால் ஷிஃப்ட் அழுத்திய கேப்பிடல், "சிறிய வி" என்றால் சாதாரண எழுத்து. தமிழ் கீபோர்டை ஆன் செய்து வைத்திருப்பவர்கள் தொடங்கும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்கோருக்குக் கீழே வினோதமான எழுத்துகள் முளைக்கும்.

1. மென்பொருளும் செலவும்

நான் சொல்லப்போவது மியூஸ்கோர் 4-க்கு. இப்போது மியூஸ்கோர் ஸ்டூடியோ என்ற பெயரில் வருகிறது. ஓப்பன் சோர்ஸ், முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செலவு பூஜ்யம்.

பணம் கேட்கும் ஒரு இடம் இருக்கிறது. அதில் பலர் குழம்புகிறார்கள். அதே பெயரில் இசைத்தாள்களைப் பகிரும் ஒரு தளம் உண்டு. மற்றவர்கள் ஏற்றிய தாள்களை அங்கே இறக்கிக்கொள்ளத்தான் சந்தா. ஸ்கோர் எழுதும் மென்பொருளுக்கும் அந்தச் சந்தாவுக்கும் சம்பந்தமில்லை. இன்ஸ்டால் செய்யும்போது கிரெடிட் கார்டு நம்பர் கேட்கும் பக்கத்துக்குப் போய்விட்டீர்கள் என்றால், தவறான கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

ஃபினாலே என்ற இன்னொரு ஸ்கோர் மென்பொருள் பழகியவர் யாராவது அதைச் சிபாரிசு செய்தால், அதன் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். புதிதாகத் தொடங்குபவர் அதில் இறங்க வேண்டியதில்லை.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பிழையில்லாத ஸ்கோர். உங்களிடம் மியூசிக்எக்ஸ்எம்எல் (ஒரு ஸ்கோர் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வடிவம்) கோப்பு இருந்தால் மியூஸ்கோர் நேராகத் திறக்கும். பிடிஎஃப் மட்டும் இருந்தால் திறக்காது. ஆடிவெரிஸ் போன்ற, ஸ்கேன் செய்த தாளை நோட்டாக மாற்றும் தனி மென்பொருள் வழியாகப் போக வேண்டும். அதுவும் இலவசம்தான். ஆனால் அது தரும் ஸ்கோரில் ஷார்ப், ஃப்ளாட் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு ஷார்ப் போனால் செகண்டரி டாமினன்ட் (வேறொரு கார்டுக்கு ஐந்தாம் கார்டாக நிற்பது) சாதாரண மைனர் கார்டாகத் தெரியும், அனலிசிஸே மாறிவிடும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் நான்கு குரல் கோரால் என்றால் கையால் அடித்துவிடுவதே மேல். அடிக்கும்போதே ஒவ்வொரு குரலும் எங்கே போகிறது என்று கண்ணில் படும்.

இரண்டாவது, பென்சிலில் முடித்த அனலிசிஸ். இதைத் தவிர்க்காதீர்கள். மியூஸ்கோரின் ரோமன் எண் வசதி நீங்கள் தட்டியதை அழகாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். கார்டைப் பார்த்துத் தானாக எண் போடாது. தப்பாகப் போட்டால் எச்சரிக்கவும் செய்யாது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு மியூசிக்21 என்ற கருவி ரோமன் எண்களைக் கணக்கிட்டுக் கொடுக்கும். ஆனால் கடந்துபோகும் நோட்டையும் கார்டோடு சேர்த்து எண்ணிவிட்டால் தேவையில்லாத இடத்தில் செவன்த் கார்டு (நான்கு நோட் கார்டு) முளைக்கும். சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அது உதவி, தெரியாதவருக்கு வம்பு.

மூன்றாவது, உங்கள் ஆசிரியரோ பாடநூலோ பின்பற்றும் முறை. ரோமன் எண் எழுதுவதில் ஒரே உலகளாவிய விதி கிடையாது. இந்த நான்கு கேள்விகளுக்கு முதலிலேயே பதில் வாங்கிவிடுங்கள்:

- மைனர் கார்டுக்குச் சிறிய எழுத்தா, அல்லது எல்லாமே பெரிய எழுத்தா?
- கேடென்ஸில் (இசை வாக்கியம் முடியும் இடத்தில்) வரும் 6-4 கார்டை 1-ஆம் கார்டின் இரண்டாவது இன்வர்ஷனாக (கார்டின் அடி நோட்டுக்குப் பதில் வேறு நோட் பேஸில் வருவது இன்வர்ஷன்) எழுதுவதா, 5-ஆம் கார்டின் மேல் 6-4, பிறகு 5-3 என்று எழுதுவதா?
- மைனர் கீயில் 6-ஆம் கார்டுக்கு முன்னால் ஃப்ளாட் குறி போடுவதா, வேண்டாமா?
- செவன்த் கார்டின் மூன்றாவது இன்வர்ஷன் 4-2 ஆ, வெறும் 2 ஆ?

டைப் அடித்து முடித்த பிறகு இவற்றில் ஒன்று மாறினால் ஒவ்வொரு எண்ணையும் திறந்து திருத்த வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கு: பதினாறு பார் கொண்ட ஒரு கோராலுக்கு, ஸ்கோர் அடிக்க முதல் தடவை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரோமன் எண் தட்டுவது அதில் கால்வாசிகூட ஆகாது. மீதி நேரத்தையெல்லாம் வரிசைப்படுத்துவதுதான் விழுங்கும். அதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

3. ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள்

வசதி இருக்கும் இடம்: ஆட் → டெக்ஸ்ட் → ரோமன் நியூமரல் அனலிசிஸ். இதற்கு ஷார்ட்கட் எதுவும் வைத்து வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குப் போய் வருவது எரிச்சல். எடிட் → ப்ரெஃபரன்ஸ் → ஷார்ட்கட்ஸ் போய், தேடும் பெட்டியில் ரோமன் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்த வரி வரும். வேறு எதற்கும் பயன்படாத ஒரு விசைச் சேர்க்கையைக் கொடுத்துவிடுங்கள்.

கன்ட்ரோல்-கே என்ற ஷார்ட்கட் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். அது கார்டு சிம்பலுக்கானது. கிடார் வாசிப்பவர்கள் ஸ்டாஃபுக்கு (நோட் எழுதும் ஐந்து கோடுகளுக்கு) மேலே எழுதுவார்களே, அது. அதில் ரோமன் எண்ணைத் தட்டினால் இன்வர்ஷன் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காது. எழுத்து போய் உட்காருவதும் ஸ்டாஃபுக்கு மேலே.

4. முதல் எண்ணை எந்த நோட்டில் தொடங்குவது?

ரோமன் எண் இயல்பாக ஸ்டாஃபுக்குக் கீழே விழும். எந்த ஸ்டாஃப் என்பது நீங்கள் எந்த நோட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பியானோ ஸ்கோரில் மேல் ஸ்டாஃபில் இருக்கும் மெலடி நோட்டைத் தொட்டுவிட்டுத் தொடங்கினால், எண்களெல்லாம் இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் வந்து நெரிசலாகும். எப்போதும் கடைசி ஸ்டாஃபின் முதல் நோட்டை, அதாவது பேஸ் நோட்டை, க்ளிக் செய்து தொடங்குங்கள். இன்வர்ஷனை முடிவு செய்வதும் பேஸ்தான். கண்ணும் அங்கேயே இருக்கும்.

கர்சர் வந்ததும் எண்ணைத் தட்டி, ஸ்பேஸ் அழுத்தினால் அடுத்த நோட்டுக்கோ பீட்டுக்கோ நகரும். அங்கே எதுவும் தேவையில்லை என்றால் இன்னொரு ஸ்பேஸ். ஒரு பார் முழுக்க ஒரே கார்டு என்றால் டேப் அழுத்தி அடுத்த பாருக்குப் போய்விடலாம். முடிந்ததும் எஸ்கேப்.

பேஸில் எட்டாவது நோட்டுகள் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்பேஸ் ஒவ்வொரு நோட்டிலும் நிற்கும். எண் போட இடம் இருக்கிறது என்பதற்காக அங்கெல்லாம் எண் போட்டுவிடாதீர்கள். ஹார்மனி மாறும் இடத்தில் மட்டும்தான் எண். புதியவர்களின் ஸ்கோரை தூரத்திலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரியும்: கடந்துபோகும் நோட்டுக்கெல்லாம் ஒரு கார்டு பெயர் இருக்கும்.

5. எதைத் தட்டினால் எது வரும்?

இந்த வசதி காம்பானியா என்ற எழுத்துருவைப் பயன்படுத்துகிறது. அது மியூஸ்கோருடனேயே வருகிறது, தனியாக இறக்க வேண்டாம். எண்களை வரிசையாகத் தட்டினால் போதும், அடுக்குவதை அது பார்த்துக்கொள்ளும்.

சி மேஜரில் ஒரு சிறிய தொடரை எடுத்துக்கொள்வோம். பேஸ் சி, டி, இ, எஃப், ஜி, ஜி, சி என்று நகர்கிறது. தட்ட வேண்டியது இது, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு ஸ்பேஸ்:

- பேஸ் சி: பெரிய ஐ
- பேஸ் டி: பெரிய வி, 4, 3
- பேஸ் இ: பெரிய ஐ, 6
- பேஸ் எஃப்: சிறிய ஐ இரண்டு தடவை, 6, 5
- பேஸ் ஜி: பெரிய ஐ, 6, 4
- பேஸ் ஜி: பெரிய வி, 7
- பேஸ் சி: பெரிய ஐ

இரண்டாவது கார்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜி, பி, டி, எஃப் என்ற ஐந்தாம் கார்டின் செவன்த், ஆனால் பேஸில் இருப்பது டி. டி-யிலிருந்து எண்ணினால் ஜி நான்காவது, எஃப் மூன்றாவது. அதுதான் அந்த 4-3. ஸ்க்ரீனில் 4 மேலேயும் 3 அதற்கு நேர் கீழேயும் நிற்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நீங்கள் ரோமன் எண் வசதியில் இல்லை, வேறு ஏதோ ஒரு டெக்ஸ்டில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எண்கள் மறந்துபோனால்: மூன்று நோட் கார்டுக்கு எதுவும் இல்லை, 6, 64. செவன்த் கார்டுக்கு 7, 65, 43, 42.

குறிகள்:

டிமினிஷ்ட் வட்டத்துக்குச் சிறிய ஓ எழுத்து. அரை டிமினிஷ்டுக்கு (வட்டத்தின் குறுக்கே கோடு) 0 என்ற எண். இரண்டும் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மாறிவிடும். மாறினால் கார்டின் பொருளே மாறும். மேஜர் கீயில் ஏழாம் படியில் இயல்பாக வரும் செவன்த் கார்டு அரை டிமினிஷ்ட், மைனர் கீயில் உயர்த்திய ஏழாம் படியில் வருவது முழு டிமினிஷ்ட். சந்தேகம் வந்தால் கீயைப் பாருங்கள்.

ஆக்மென்டடுக்கு + குறி. ஃப்ளாட்டுக்குச் சிறிய பி எழுத்து (ஏ, பி, சி-யில் வரும் பி), ஷார்ப்புக்கு # குறி, இரண்டும் ரோமன் எண்ணுக்கு முன்னால்.

செகண்டரி டாமினன்டுக்குச் சாய்கோடு. சி மேஜரில் டி, எஃப் ஷார்ப், ஏ, சி வந்தால் அது ஐந்தின் ஐந்து. தட்ட வேண்டியது: பெரிய வி, 7, சாய்கோடு, பெரிய வி. சாய்கோட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பேஸ் விடாதீர்கள். விட்டால் கர்சர் அடுத்த பீட்டுக்கு ஓடிவிடும்.

பெரிய ஐ-க்குப் பதிலாகச் சிறிய எல் எழுத்தையோ 1 என்ற எண்ணையோ தட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரீனில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அச்சில் தடிமன் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மைனர் கீயில் ஒரு எச்சரிக்கை. சி மைனரில் ஐந்தாம் கார்டில் பி நேச்சுரல் இருந்தால் அது மேஜர் கார்டு, பெரிய வி. பி ஃப்ளாட் அப்படியே இருந்தால்தான் சிறிய வி. கீ சிக்னேச்சரை மட்டும் பார்த்து எழுதினால் இது தவறும். ஒவ்வொரு நோட்டின் முன்னாலும் இருக்கும் குறியைப் பார்த்து எழுதுங்கள்.

கீயின் பெயரை (சி மேஜர் என்றால் பெரிய சி, மைனர் என்றால் சிறிய சி, பக்கத்தில் முக்காற்புள்ளி) ரோமன் எண்ணோடு சேர்த்துத் தட்டாமல், கன்ட்ரோல்-டி (டெக்ஸ்ட் என்பதன் முதல் எழுத்து) அழுத்தி ஸ்டாஃப் டெக்ஸ்டாகப் போட்டு, கீழே இழுத்து முதல் எண்ணுக்கு இடப்பக்கம் நிறுத்துங்கள். சேர்த்துத் தட்டினால் முதல் எண் மட்டும் அதன் நோட்டுக்கு நேராக நிற்காது.

6. ஆடும் எண்களை ஒரே கோட்டில் நிறுத்துவது

எல்லோரும் அலுத்துக்கொள்ளும் இடம் இதுதான். மியூஸ்கோர் எதுவும் எதன் மேலும் மோதாமல் தானாகத் தள்ளி வைக்கும். பேஸ் நோட் ஸ்டாஃபுக்குக் கீழே லெட்ஜர் கோட்டில் இறங்கினால் அந்த எண்ணை மட்டும் இன்னும் கீழே தள்ளும். விளைவு, எண்கள் படிக்கட்டு மாதிரி.

ஒவ்வொன்றாக மவுஸால் இழுக்க ஆரம்பிக்காதீர்கள். பார்களின் அகலம் மாறினால் மறுபடி இழுக்க வேண்டிவரும். இப்படிச் செய்யுங்கள்: ஸ்கோரில் மிகக் கீழே இருக்கும் பேஸ் நோட்டைக் கண்டுபிடியுங்கள். ஏதாவது ஒரு ரோமன் எண்ணை ரைட் க்ளிக் செய்து, செலக்ட் மெனுவில் அதே வகை எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். ப்ராப்பர்ட்டீஸ் பேனலில் செங்குத்து ஆஃப்செட்டைக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தத் தாழ்ந்த நோட்டுக்குக் கீழே உள்ள எண்ணின் மட்டத்துக்கு மற்றவை இறங்கி வந்ததும் நிறுத்துங்கள். மோதல் இல்லாதபோது மென்பொருள் எதையும் தள்ளாது, எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்.

இந்த ஸ்கோரில் இனி போடும் எண்களுக்கும் இதே இடைவெளி வேண்டும் என்றால் ஃபார்மட் → ஸ்டைல் → டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய், ரோமன் நியூமரல் அனலிசிஸ் என்ற ஸ்டைலிலேயே அளவையும் ஆஃப்செட்டையும் மாற்றிவிடலாம். எண்கள் அடுத்த சிஸ்டத்தின் (பக்கத்தில் அடுத்த வரியின்) மெலடியோடு நெருங்கினால், அதே ஸ்டைல் பெட்டியில் பேஜ் பகுதியில் சிஸ்டங்களுக்கு இடையிலான குறைந்தபட்ச தூரத்தைக் கூட்டுங்கள்.

கீழ் ஸ்டாஃபின் அடியில் டைனமிக்ஸ், பெடல் குறி இருந்தால் அவையும் எண்களைத் தள்ளும். அனலிசிஸ் தாளில் அவை அவசியமில்லை என்றால் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்தினால் அச்சில் மறைந்துவிடும். மறைத்தும் ஸ்க்ரீனில் மங்கலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம்.

7. கீ மாறும் இடத்தில் இரண்டு வரிசை

மாடுலேஷனில் ஒரே கார்டுக்குப் பழைய கீயில் ஒரு எண், புதிய கீயில் ஒரு எண் என்று மேலும் கீழுமாக எழுதச் சொல்வார்கள். சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போகும்போது ஏ மைனர் கார்டு சி-யில் ஆறு, ஜி-யில் இரண்டு. ரோமன் எண் வசதியில் இந்த இரண்டாவது வரிசையைச் சுத்தமாகக் கொண்டுவருவது சிரமம்.

இதற்கு லிரிக்ஸ்தான் சரியான வழி. ஃபார்மட் → ஸ்டைல் → டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய், லிரிக்ஸின் எழுத்துருவைக் காம்பானியாவாக மாற்றுங்கள். பேஸ் நோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எல். முதல் வரிசை பழைய கீ. எண்டர் அழுத்தினால் அதே நோட்டுக்குக் கீழே இரண்டாவது சரணத்துக்கான இடம் வரும், அங்கே புதிய கீயின் எண். லிரிக்ஸ் வரிகளை மென்பொருள் எப்போதும் நேர்க்கோட்டில்தான் வைக்கும். ஆறாவது படியின் தலைவலி பாதி போய்விடும்.

குறை இரண்டு. லிரிக்ஸ் நோட்டோடுதான் ஒட்டும். பேஸ் முழு நோட்டாக நின்று, மேல் குரல்கள் மட்டும் நகர்ந்து ஹார்மனி மாறினால், நடுவில் எண் போட இடம் கிடைக்காது. ரோமன் எண் வசதியில் பீட்டில் நிறுத்திப் போட்டுவிடலாம். இரண்டாவது, உண்மையான பாடல் வரிகள் இருக்கும் ஸ்கோரில் அவையும் காம்பானியாவுக்கு மாறிவிடும். என் பழக்கம்: கீ மாறாத ஸ்கோருக்கு ரோமன் எண் வசதி, மாடுலேஷன் நிறைந்ததற்கு லிரிக்ஸ். ஒரே ஸ்கோரில் இரண்டையும் கலந்தால் இரண்டு வேறு உயரத்தில் எண்கள் நிற்கும்.

8. அனுப்பும் முன் சரிபார்ப்பு

ப்ளே அழுத்திக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ரோமன் எண்கள் ஒலிக்காது, கேட்பது நோட்டுகள் மட்டும்தான்.

எழுதிய பிறகு ஏதாவது ஒரு பேஸ் நோட்டைத் திருத்தினீர்களா? எண் பழையபடியே நிற்கும். சி பேஸை இ ஆக்கினால் பக்கத்தில் 6 தானாக வராது. திருத்திய ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பிப் போய் இன்வர்ஷனைப் பாருங்கள். மொத்த ஸ்கோரையும் வேறு கீக்கு ட்ரான்ஸ்போஸ் செய்தால் மட்டும் பயமில்லை. ரோமன் எண் சொல்வது கீக்குள் கார்டு எந்தப் படி என்பதை மட்டும்தான், மாற வேண்டியதில்லை. ஸ்டாஃப் டெக்ஸ்டாகப் போட்ட கீ பெயரைத்தான் கையால் மாற்ற வேண்டும்.

நம்பகமான சோதனை ஒன்று: கார்டுகளைப் பார்க்காமல், எழுதிய எண்களை மட்டும் வைத்து ஒவ்வொரு கார்டின் நோட்டுகளையும் தனித்தாளில் எழுதுங்கள். பிறகு ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பிழை செகண்டரி டாமினன்டிலும் 65, 43 குழப்பத்திலும்தான் இருக்கும்.

9. எந்த வடிவில் கொடுப்பது?

ஃபைல் → எக்ஸ்போர்ட் → பிடிஎஃப். எழுத்துரு பிடிஎஃப் உள்ளேயே போய்விடுவதால், பெறுபவரிடம் மியூஸ்கோர் இல்லாவிட்டாலும் எண்கள் சரியாகத் தெரியும். மியூஸ்கோர் கோப்பையே கேட்டால் அவரிடம் எந்தப் பதிப்பு என்று விசாரியுங்கள். 4-இல் சேமித்ததை 3-இல் திறந்து வேலை செய்ய முடியாது.

மியூசிக்எக்ஸ்எம்எல் கேட்டால் கவனம். 2021-இல் வந்த 4.0 பதிப்பில் ரோமன் எண்களுக்கென்று தனி உறுப்பு சேர்த்தார்கள். ஆனால் எல்லா மென்பொருளும் அதை ஒரே மாதிரி எழுதுவதோ படிப்பதோ இல்லை. நோட்டுகள் சரியாகப் போய்ச் சேர்ந்து, எண்கள் சாதா எழுத்தாகவோ காணாமலோ போகலாம். மியூசிக்எக்ஸ்எம்எல் அனுப்பும்போதெல்லாம் கூடவே ஒரு பிடிஎஃபையும் இணைத்துவிடுங்கள்.